மல்லாந்து படுத்தல்

பதினொரு மாதமாக அவள் படுக்கவில்லை.
கதிரையில் இருந்தபடி,
தையல் மெஷினில் நெற்றியைச் சாய்த்தபடி,
கொட்டாஞ்சேனையின் முதல் பூசை மணி வரைக்கும்
துண்டு துண்டாய் ஒரு தூக்கம்.

எமலிடா கொறைரா. ஐம்பத்து மூன்று வயது.
கலியாணச் சட்டைகளுக்குக் கையூசி வேலை.

விடியப்புறத்தில் மயங்கி விழுவாள்.
நாக்குக் குழறும், வேர்த்துக் கொட்டும்.
களவாய்க் குடிக்கிறாள் என்றது அடுத்த வீடு.
வாய்வு என்றது மருந்துக்கடை.
ஒரு டொபியை நாக்கின் கீழ் வைத்தால்
எழுந்து, விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.
அளவு நாடாவோடு டொபியும் எப்போதும் பையில்.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் முழுக்க வெள்ளை.
நீர் என்று நினைத்து ஊசி ஏற்றினார்கள்,
மூன்று இடத்தில்.
ஒரு சொட்டு வரவில்லை.

வாட்டில் நான் அவள் கையைத்தான் முதலில் பார்த்தேன்.
கவிழ்த்த கரண்டிகளாய் நகங்கள்,
பருத்த விரல்நுனிகள்.
"திம்பிள் ஏறுதில்லை டொக்டர்,
போன மாரியிலயிருந்து."
தொழில் முறைப்பாடாகத்தான் சொன்னாள்.
நான் அதைச் சீட்டின் முதல் வரியாய் எழுதினேன்.
இரண்டாவது வரி: விடியலில் சீனி நாற்பத்தொன்று.

சீ.ரீ. படத்தில்
இதயத்தை இடது மூலைக்குத் தள்ளி
ஈரலின் தலையில் ஏறி
வாடகை கட்டாமல் குடியிருந்தது அது.
போதாததற்கு அவள் இரத்தத்துச் சீனியையும்
தின்னச் சொல்லி ஏதோ சுரந்துகொண்டு.

ஊசியால் கிள்ளிய துணுக்கை
நஸ்மியா கூப்பிட்டுக் காட்டினாள்.
கதிர்போல் நீண்ட கலங்கள்,
சிக்கெடுக்காத நூற்பந்து.
"ஒழுங்கேயில்லாத ஒழுங்கு. புத்தகத்திலேயே அப்படித்தான்.
நடுவில் பார், குழாய்கள் மான்கொம்பாய்க் கிளைக்குது."
அழகாய் இருந்தது.
சொல்லக் கூசிற்று.

மயக்குவது என் வேலை.
கத்தியைவிடக் கிடத்துவதற்குத்தான் பயந்தேன்.
மல்லாத்தினால் அத்தனை பாரமும்
மூச்சுக்குழலின்மேல் குந்தும்.
சாய்த்து இருத்தி, அவள் மூச்சை அவளிடமே விட்டு
மருந்தைச் சொட்டுச் சொட்டாய்.
"எண்ணட்டா டொக்டர்?"
"வேண்டாம். சட்டை வெட்டுற விதம் சொல்லுங்கோ."
"முதல்ல தோளளவு. பிறகு கக்கம். பிறகு..."
கழுத்துக்கு வந்து சேரவில்லை.

ஹபுஆராச்சி முழங்கை வரை கையை விட்டார்.
கண் எங்கோ சுவரில்,
பார்த்ததெல்லாம் விரல்கள்.
"ஹெமின், ஹெமின்" என்றார்,
யாருக்கென்று தெரியாமல்.
நாலு மணி நேரம் ஒட்டுகளைப் பிரித்து
கடைசியில் காம்பு:
சுண்டுவிரல் தடிப்புத்தான்.
இத்தனைக்கும் இவ்வளவுதானா வேர்?
கட்டினார். வெட்டினார்.

கொஞ்சத்தில் சீனி எண்பது.
பிறகு நூற்றிருபது. நூற்றெண்பது.
குளுக்கோஸை நிற்பாட்டிய என் கை நடுங்கியதை
ஷியாமளி மிஸ் காணாததுபோல் நின்றார்.

தியேட்டர் தராசு கொள்ளவில்லை.
சமையலறையிலிருந்து பருப்பு நிறுக்கிற தராசு வந்தது.
இரட்டைப் பொலித்தீனில்
மூன்று கிலோ நானூறு.

பிழிந்து போட்ட சீலையாய் மூலையில் நுரையீரல்.
அவசரப்பட்டால் அதற்குள் நீர் ஊறிவிடும்.
நினைவில்லாமல் நானும் "ஹெமின்" என்றபடி
கொஞ்சம் கொஞ்சமாய்க் காற்றை விட்டேன்.
ஊதா இளகி ரோசாவாய் விரிந்தது.
அதில் கரும்புள்ளிகள்,
ஐம்பத்து மூன்று வருசக் கொழும்புப் புகை.

ஓரங்கள் சுத்தம் என்று நஸ்மியா எழுதினாள்.
திரும்பி வரும் வழி தெரிந்த இனம் என்பதால்
ஆறு மாதத்துக்கொரு படம் என்றும் எழுதினாள்.

ஆறாம் நாள்.
மருதானைப் பக்கமிருந்து ரயில் சத்தம்.
ஒற்றைத் தலையணையில் மல்லாந்து கிடந்தாள்,
தையல் போட்ட பக்கத்தைக் கையால் பொத்தியபடி.
சுகமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"அந்த விசிறியைப் பாருங்கோ டொக்டர்,
எவ்வளவு ஒட்டறை.
இஞ்ச ஒருத்தரும் மேல பாக்கிறேல்லையா?"